அருவிக்கரை மைக்கும் ஆளுக்குப் பாதி பாஸ்வேர்டும்

பயந்த சுபாவக்காரர்களிடம் பூட்டைக் கொடுக்கக் கூடாது. பூட்டிவிட்டோமா என்று இழுத்து இழுத்துப் பார்த்தே அதை உடைத்துவிடுவோம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னிடம் முதலாளி அண்ணாச்சி ஒப்படைத்தது, குற்றாலத்தில் அவர் நடத்தும் லாட்ஜின் டேட்டாபேஸை. (யாருக்கு எந்த அறை என்பதெல்லாம் அதற்குள்தான்.)

அதைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தது தென்காசி செல்வின். "பாஸ்வேர்ட் என்னமும் வச்சிக்கிடுங்கக்கா. ஒண்ணு ரெண்டு மூணுன்னு வச்சாலும் எடுத்துக்கிடும்."

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "அது எதுக்கு எடுக்குது? இது பத்தாதுன்னு சாஃப்ட்வேர்லா அதட்டணும்!"

"அத நீங்க பாத்துக்கிட வேண்டாமா?"

"என்னைய நம்பாதங்கேன்!"

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக்குறி எல்லாம் இருந்தால்தான் ஏற்க வேண்டும். வெளியூரிலிருந்து செல்வினே முயன்றாலும் திறக்கக் கூடாது. அப்படியே செய்து கொடுத்தான். அப்போதும் மனம் ஆறவில்லை. முழுப் பாஸ்வேர்டும் ஒரே தலைக்குள் இருப்பது ஆபத்தல்லவா? முன்பாதியை நான் வைத்துக்கொண்டு, பின்பாதியை வாட்ச்மேன் சுடலை அண்ணனை வைக்கச் சொன்னேன். (அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. அவர் சத்தமாகப் பேசுகிறவர்.)

சீசன் ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. சுடலை அண்ணன் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அருவிக்குக் குளிக்கப் போயிருந்தார். வாசலில் மதுரை வேன், கைக்குழந்தைகள் வேறு.

செல்வினைக் கூப்பிட்டேன். "திருச்செந்தூர்ல நிக்கேங்கா. நான்கூடத் தெறக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னிய?"

அண்ணாச்சி வந்தார். "ஏட்டி, இவங்களுக்கு இப்ப ரூம் குடுக்கலன்னா, நாளைக்கு நீ வராண்டாம்."

பேரருவிக்கு ஓடினேன். ஆண்கள் பக்கம் நான் எப்படிப் போவது? காணாமல் போன பிள்ளைகளுக்காக மைக்கில் பேசிக்கொண்டிருந்த போலீஸ்காரரிடம் அழாத குறையாகக் கெஞ்சினேன். அறிவித்தார்: "லாட்ஜ் வாட்ச்மேன் சுடலை மைக் அருகே வரவும். பாஸ்வேர்டோடு வரவும்."

எண்ணெயும் தண்ணீரும் சொட்டச் சொட்ட வந்தார் அண்ணன். காதில் சொல்லுவார் என்று காதை நீட்டினேன். மைக்கில் கூப்பிட்டால் மைக்கில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அதை வாங்கிக்கொண்டார்.

"பெரிய எழுத்து கியூ! சின்ன எழுத்து எம்! ஏழு! நட்சத்திரம்!" பிறகு என் பக்கம் மைக்கை நீட்டி, "ஒம் பாதியச் சொல்லு தாயி, சேத்துப் பாப்பம்" என்றார்.

(சொல்லிவிட்டேன்.)

பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏக்கா, நட்சத்திரம் ஒண்ணா, ரெண்டா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

மூச்சிரைக்கத் திரும்பியபோது மதுரைக்காரர்கள் மாடியேறிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் வரை கேட்டதை வைத்து அண்ணாச்சியே திறந்துவிட்டிருந்தார். "அடுத்த மட்டம் மெதுவாச் சொல்லுங்கட்டி. நான் டைப் அடிக்கதுக்குள்ள ஓடுதிய."

வேலை தப்பியது. சாஃப்ட்வேர்தான் அதட்ட வேண்டும் என்ற என் கட்சி இன்றும் மாறவில்லை. ஆனால் என்னை அதட்ட யாரை வைப்பது?

இப்போதெல்லாம் நான் வீட்டில் குரலைத் தாழ்த்தினாலே என் மகள் கரண்டியை மைக் மாதிரி நீட்டுகிறாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் நீட்டினாள். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்தப் பெண்கள் வரிசையில் அவரும் நின்றிருக்கிறார்.