உங்கள் அக்கா ஏற மறுக்கும் கார்

என் மதிப்புக்கும் சிறிது பயத்துக்கும் உரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் தனித்தனியே நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் சேர்ந்தே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளை. போன வாரத்திலிருந்து உங்கள் அக்கா நம் காரில் ஏறுவதில்லை. மாடிவீட்டு அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலுவலகம் போகிறாள். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்து சீட்டில் இருந்து என்னைத் திட்டிக்கொண்டே வந்தவள். அந்தத் திட்டு இல்லாமல் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே கை வரவில்லை. நீங்கள்தான் நல்ல வார்த்தை சொல்லி அவளை மறுபடி ஏற்றிவிட வேண்டும்.

நான் செய்த குற்றம் என்ன? நம் கார் மேம்பாலம் ஏறாது. உங்களுக்கே தெரியும், போன தடவை இறங்கித் தள்ளினீர்கள். சைக்கிள்காரர்கள்கூட மணியடித்துத் தாண்டிப் போவதை எத்தனை நாள் பொறுப்பது? புதுக் கார் வாங்க வசதியில்லை. ஸ்பானர் என்று எல்லோரும் கூப்பிடும் நம் மெக்கானிக், "டர்போ வச்சிடலாம் சார். புகை போற வேகத்துல ஒரு காத்தாடி சுத்தும், அது இன்ஜினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளும், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார். பழைய இரும்புக் கடையில், ஏதோ வேனிலிருந்து கழற்றிய டர்போ ஒன்று கொள்ளை மலிவாகக் கிடைத்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆயில் குழாய் வேண்டும் என்றார். குழாய் போக ஏசியைக் கழற்ற வேண்டும் என்றார். டர்போ உட்கார இடமில்லை என்று பேட்டரியைப் பின் சீட்டுக்கு அனுப்பி, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டார். கடைசியில் பானெட் மூடவில்லை. "ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது சார்" என்று அண்டா வாய் அளவுக்கு வெட்டிவிட்டார்.

இதையெல்லாம் உங்கள் அக்கா பொறுத்துக்கொண்டாள். கையில் விசிறியோடு வந்தாள். டர்போதான் காலை வாரிவிட்டது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க நான் பூப்போல மிதிப்பவன். அந்தப் புகைக்குக் காத்தாடி சுற்றவே இல்லை. வண்டி பழையபடி முக்கி முனகியே மேம்பாலம் ஏறி இறங்கியது. அலுவலக வாசலில், "எங்கங்க உங்க டர்போ? வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து ஒரே மிதி மிதித்தேன். உய்ய்ய் என்று விசிலடித்துக்கொண்டு டர்போ விழித்தது. வாசலில் நின்ற அவளுடைய மேனேஜர் ஃபைலும் கையுமாகப் பூந்தொட்டிமேல் ஏறிவிட்டார். வண்டி அவர் காலடியில் போய் நின்றது. நான் தலையை நீட்டி, "குட்மார்னிங் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது? உங்கள் அக்கா இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினாள். ஓங்கி அறைந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

"இனிமே இந்த வண்டியில நான் காலை வைக்க மாட்டேன்" என்றாள். நீங்கள் சொன்னால் கேட்பாள், மாப்பிள்ளை. அவள் இல்லாத கார் எனக்கு வெறும் தகரம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்கள் காருக்குப் பொறாமை கலந்த வணக்கம்.

இப்படிக்கு,
பக்கத்தில் ஆளில்லாமல் ஓட்டும்
உங்கள் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. மாடிவீட்டு ஸ்கூட்டர் கிளம்பாத அன்று, நேரமாகிறது என்று உங்கள் அக்கா சாவியைப் பிடுங்கித் தானே ஓட்டினாள். கியரைக் குறைத்து அவள் மிதித்த மிதியில், மேம்பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. நான் கண்ணை மூடியிருந்தேன். "என்ன அருமையா போகுது! இத்தனை நாளா நீங்கதான் இதைக் கெடுத்து வச்சிருந்தீங்க" என்றாள். பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அந்த இடத்திலேயே இறக்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் நான் பஸ். மாப்பிள்ளை, மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். எப்படியாவது அவளைக் காரைவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.