கட்டைவிரல் பக்கம் போன கல்யாணம்

அன்புள்ள லொரெட்டா அக்காவுக்கு,

தம்பி நார்பர்ட் எழுதுவது. இங்கே ஏரி சௌக்கியம், படகு சௌக்கியம். என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

மாரிபெத் தன் கல்யாணத்துக்கு என்னிடம் கொடுத்தது ஒரே ஒரு வேலை. "அப்பா, நீங்க வேற எதையும் தொட வேண்டாம். ஏரிக்கரைப் பூங்காவுல ஒரு கொட்டகை மட்டும் பிடிச்சுக் குடுங்க. சூரியன் தண்ணிக்குள்ள இறங்கறப்ப மோதிரம் மாத்தணும்" என்றாள். ஆகஸ்ட் மாதத்துப் பூங்காவுக்கு மிச்சிகனில் பிப்ரவரியிலேயே அடிதடி என்று உனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். ஒரே நிமிடத்தில் மேற்குக் கரை மொத்தமும் போய்விட்டது. பதற்றத்தில், காலி என்று பச்சையாகத் தெரிந்த ஏதோ ஒன்றை அமுக்கி, கிடைத்துவிட்டது என்று அவளிடம் தம்பட்டமும் அடித்துக்கொண்டேன். மறுநாள் பக்கத்து வீட்டு டுவேன் எந்த இடம் என்று கேட்டான். நம் வழக்கப்படி, கையுறை வடிவ மிச்சிகனுக்கு வலது உள்ளங்கையையே வரைபடமாக நீட்டி, கட்டைவிரலுக்குச் சற்று மேலே தொட்டுக் காட்டினேன்.

"அட பாவி, அது ஹ்யூரான் ஏரிப் பக்கமாச்சே! அங்க சூரியன் தண்ணிலேர்ந்து எந்திரிக்கும்யா. இறங்கறது கழிப்பறைக்குப் பின்னாலதான்!"

அன்றிலிருந்து ஐந்து மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் உட்பட. மேற்குக் கரையில் யாராவது இடத்தை விட்டுத் தருவார்களா என்று தினமும் போன் செய்கிறேன். ஒருவரும் விடுவதாக இல்லை. போன வாரம், நான் பிடித்த அந்த இடத்துக்கே நேரில் போனேன். அழகான சின்ன ஊர், ஒரே ஒரு ஐஸ்கிரீம் கடை, கரையில் ஈ காக்காய் இல்லை. சாயங்காலம் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றேன். டுவேன் சொன்னபடி சூரியன் கழிப்பறைக்குப் பின்னால்தான் இறங்கியது. அழுதுவிட்டேன் அக்கா. அவள் அம்மா போனபின் அந்தப் பெண் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

ஆகவே நீதான் கைகொடுக்க வேண்டும். எல்லோரும் வந்து சேர்ந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மணலில் படுத்துவிடு. இருட்டும்வரை எழுந்திருக்காதே. கல்யாணம் மறுநாள் காலையில் என்று நான் அறிவித்துவிடுகிறேன். ஏறுகிற சூரியனுக்கும் இறங்குகிற சூரியனுக்கும் போட்டோவில் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். வரும் வழியில் மான் எதுவும் காரில் வந்து மோதாமல் கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் தம்பி,
நார்பர்ட்

பி.கு: உறையை ஒட்டும்போது மாரிபெத் வந்துவிட்டாள். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பிரித்து நீட்டினாள். மே மாதத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. பயத்தில் நான் அதன் உறையைப் பிரிக்கவே இல்லை. காலை ஆறரை மணி என்று போட்டிருக்கிறது.

"பூங்கா ரசீது எனக்கும் வந்துச்சுப்பா. அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். லொரெட்டா அத்தைதான், 'அவனா வாயத் திறக்கட்டும், பேசாம இரு'ன்னாங்க."

"வேற இடம் பாத்திருக்கலாமேம்மா?"

"நீங்க பிடிச்ச இடம்ப்பா" என்றாள்.

உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் உன் பெரிய காப்பிப் பாத்திரத்தை மறக்காமல் கொண்டுவா. பத்திரிகையின் கடைசி வரியில், "காலைக் காப்பி: மணமகளின் தந்தை" என்று அச்சடித்திருக்கிறாள். அறுபது பேர், அக்கா. இப்போதே தம்ளர்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.