பெண் பார்க்கப் போன வீட்டில் பச்சை முகம்

யாராவது ஒரு கேள்வி கேட்டால் அவருக்கு முழுதாகப் புரிகிறவரை விடமாட்டேன் என்கிற வியாதி எனக்கு உண்டு. இப்போது கட்டுக்குள் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், எனக்கு இருபத்தேழு வயதில், அது முற்றிப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெடித்தது. வெடித்த இடம், நான் பெண் பார்க்கப் போன வீடு.

அப்போது வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் குழாய்க்குள் அசுர வேகத்தில் ஓடவிடுகிற இயந்திரம் அங்கே இருந்தது. ஓடவிடுவது பெரிய பெரிய ஆட்கள். ஓடுகிற துகள்களின் கற்றை, அதாவது பீம், எவ்வளவு போகிறது, குழாயின் நடுவில்தான் போகிறதா என்று அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் கடைசி ஆள். (என் அம்மா கோவில்பட்டி முழுக்க ‘சயின்டிஸ்ட்’ என்று சொல்லி வைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை.)

பெண் வீடு புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். முந்தின நாள் மழை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு சேர்வதற்குள் கரிசல் மண் அப்பி, என் ஷூ ஒவ்வொன்றும் இரண்டு கிலோ ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பின்னால் யானை மாதிரி நடந்து போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்குள் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. போன வாரம்தான் கலர் டிவி வாங்கியிருந்தார்கள். அந்தத் தெருவுக்கே முதல் கலர் டிவி. பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். ஞாயிற்றுக்கிழமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் படத்துக்கு வந்ததா, என்னைப் பார்க்க வந்ததா என்று நான் ஆராயவில்லை.

பெண்ணின் அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“தம்பி அங்கன என்ன வேலை பாக்குதீங்க?”

“பீம் டயக்னாஸ்டிக்ஸ்ங்க.”

அவர் முகம் வாடியது. “கோவில்பட்டியிலயும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டயக்னாஸ்டிக் இருக்கு. ரத்தம், சிறுநீரு எல்லாம் அங்கதான் குடுப்போம். அந்த வேலைக்கா அம்புட்டு தூரம் போயிருக்கீங்க?”

அம்மா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை ஆட்டினாள். விட்டுவிடு என்று அர்த்தம். நான் விடுகிற ஆளா?

கற்றையைப் பிடித்து அளக்கும் செம்புக் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். தொடாமலே அதன் இடத்தைச் சொல்லும் நான்கு தகடுகளைப் பற்றிச் சொன்னேன். கற்றை பட்ட இடத்தில் ஒளிரும் திரையைப் பற்றிச் சொன்னேன். அதற்குள் படத்தில் ஒரு பாட்டும் ஒரு சண்டையும் முடிந்திருந்தன. “சரி சரி” என்றார் அவர். புரியவில்லை என்பதன் மரியாதையான வடிவம் அது.

“உங்க டிவிக்குள்ள நடக்கிறதும் இதேதாங்க. பின்னாடியிருந்து கற்றை வந்து கண்ணாடியில அடிக்குது. காந்தத்தைக் கிட்ட கொண்டுபோனா வளையும். ஒரு காந்தம் இருந்தா இப்பவே காட்டிருவேன்.”

இந்தத் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் காந்தம் இருக்காது. பெண்ணின் அண்ணன் முருகேசன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கிழிந்துபோன ஸ்பீக்கரில் கழற்றிய, தோசைக்கல் கனத்துக்கு ஒரு காந்தத்தைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

திரையில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். நான் காந்தத்தை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மூக்கு காதுப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வானவில் சுழன்றது. கூட்டம் “ஆத்தாடி!” என்றது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.

“இப்ப பாருங்க, எடுத்தா சரியாயிரும்” என்று காந்தத்தை எடுத்தேன்.

மூக்கு திரும்பி வந்தது. நிறம் வரவில்லை. கதாநாயகி பச்சை முகத்தோடு அழுதாள். அவளைத் தேற்ற வந்த அப்பா கத்திரிக்காய் நிறத்தில் இருந்தார்.

அதுவரை நான் இந்த வித்தையைக் காட்டியது ஹாஸ்டலின் கறுப்பு வெள்ளை டிவியில். கலர் டிவியில் கண்ணாடிக்குப் பின்னால் பொடித்துளை போட்ட மெல்லிய இரும்புத் தகடு ஒன்று உண்டு. அதுவே காந்தமாகிவிட்டால் கற்றை தப்பான இடத்தில்தான் விழும். பரீட்சையில் இதை ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

அணைத்துப் போட்டேன். பச்சை. மறுபடி அணைத்துப் போட்டேன். கொஞ்சம் நகர்ந்த பச்சை. காந்தத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிச் சரிசெய்யப் பார்த்ததில் இன்னொரு மூலையும் ஊதாவாகியது.

“ஏட்டி, மாப்பிள்ளை காலு வச்ச நேரத்தப் பாத்தியா?” என்று யாரோ முனகினார்கள். அம்மா தரையைப் பார்த்தாள்.

முருகேசன்தான் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். “கரண்டு கூடி வந்திருக்கும்ப்பா. நம்ம லைன்ல அப்பப்ப வரும்லா.”

“ஆமா, வோல்டேஜ்!” என்றாள் அம்மா, நிம்மதியாக. நானும் தலையாட்டத் தொடங்கினேன். ஆமாம், தொடங்கினேன்.

அப்போதுதான் காபித் தட்டோடு செல்வராணி வந்தாள். நான் பார்க்க வந்த பெண். காபியை என்னிடம் நீட்டாமல் டிவியைப் பார்த்தாள், காந்தத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வோல்டேஜா, நீங்களா?”

“நான்தான். இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். கைதட்டினதுல மறந்துட்டேன்.”

அவள் காபியைக் கொடுத்தாள். அவள் அப்பா எழுந்து போய் டிவியை அணைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் மேல் போர்த்தினார். துஷ்டி வீட்டில் துக்கம் கேட்க உட்கார்ந்திருப்பது மாதிரி காபியைக் குடித்து முடித்தோம். திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. பக்கத்து சீட்டிலும் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் முருகேசன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, காந்தத்தோடு வந்திருக்கிறாரோ என்று பயந்தேன்.

“கோவில்பட்டியில இருந்து ஒரு மெக்கானிக் வந்து, வளையம் மாதிரி ஒண்ண வச்சுச் சுத்தினாரு. முக்காவாசி சரியாயிட்டு. மேல்மூலையில மட்டும் ஊதா போகல. தகடே நெளிஞ்சிருச்சாம்” என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். “அப்பா இந்த இடம் வேண்டாம்னுதான் சொன்னாவ. தங்கச்சிதான், ‘பொய் சொல்ல வழி கெடச்சும் சொல்லாதவரு. டிவிய வேற வாங்கிக்கிடலாம்’னுட்டா.”

நான் தலையாட்டத் தொடங்கியிருந்ததை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

டிவியை வேறு வாங்கவில்லை. ஊதா மூலையோடு அது பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. கிரிக்கெட்டில் ஸ்கோர் போடுகிற இடம் அது. எந்த அணி ஜெயிக்கிறது என்று தெரியாமலே அந்தத் தெரு பல போட்டிகளைப் பார்த்துத் தீர்த்தது.

நானும் வேலையில் கொஞ்சம் முன்னேறி, தலைமுடியில் பாதி அளவுகூடக் கற்றை நகராமல் பார்த்துக்கொள்கிற பொறுப்புக்கு வந்துவிட்டேன். ஆனால் புதூர்ப் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், “மருமகன் என்ன வேலை பாக்காவ?” என்று யாராவது மாமனாரிடம் கேட்பார்கள். நான் ஆர்வமாக நாற்காலியை முன்னால் இழுப்பேன். அதற்குள் அவர் சொல்லிவிடுவார்:

“அவியகிட்ட எதுனாலும் வாயால கேட்டுக்கிடுங்க. செஞ்சு காட்டச் சொல்லிராதீங்க.”