ஏழு வதைப் படலம்

வாழி, சாக்பீஸ் வாளேந்திய செங்கரத்தாள்! வாழி, பதினொன்றாம் வகுப்பென்னும் நாற்பது தலை நாகத்தை நாள்தோறும் முக்கால் மணி எதிர்கொண்டும் தொண்டை கட்டாத இயற்பியல் ஆசிரியை! ஒரேயொரு உண்மையான ரீடிங்குக்காக அவள் புரிந்த பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பக்கத்து நோட்டைப் பார்த்தே செய்முறைத் தேர்வில் கரையேறிய எம் நாவின் பிழையை எண்தேவி பொறுத்தருள்க!

விண்ணின் உச்சியில் பிறந்து, கண்ணிமைக்கும் பொழுதுக்குள் பல்லாயிரம் முறை மடியத்தக்க அற்ப ஆயுள் பெற்றும், ஒளியோடு பந்தயமிடும் வேகத்தால் தம் காலமே தளர்ந்து நடக்க, அத்தளர்ச்சியையே தேராக்கி மண்வரை வந்திறங்கும் மியூவான் என்னும் துகள்வீரரை, கறுப்பு டேப்பால் கண்கட்டிய கைபேசிக் காமிராவில் வெண்புள்ளிகளாகச் சிறைப்பிடித்து எண்ணி, உலகெங்கும் பொதுமக்கள் கூடி நடத்தும் கணக்கெடுப்புக்கு அனுப்புவதே அன்றைய போர். வகுப்பில் கைபேசிக்குத் தலைமையாசிரியர் தந்த அனுமதியோ ஒரே நாள். காப்பியடித்த எண் எனத் தெரிந்தால் வகுப்பு மொத்தமும் தள்ளுபடி.

முதல் சுற்று முடிந்தது. நாற்பது தாள்கள் வந்தன. நாற்பதிலும் ஏழு.

ஏனெனில் முதல் ரேங்க்காரியின் தாளில் ஏழு இருந்தது. விடையை முதலில் எழுதிவிட்டு, ரீடிங்கை அதற்குத் தக்கபடி பிறகு பெறுவதே அம்மாணவர் குலம் வழிவழியாகக் காத்த அறம்.

"சரியான விடை எதுன்னு சொல்லிடுங்க மிஸ், எழுதிடறோம்" என்று சமாதானக் கொடி உயர்த்தியது கடைசி பெஞ்ச்.

கார்முகில் கிழிந்தாற்போல் முழங்கினாள் ஆசிரியை: "எனக்கே தெரியாதுடா! யாருக்குமே தெரியாது! அதுக்குத்தானே எண்ணச் சொல்றேன்? ஒண்ணுமே வரலைன்னா பூஜ்யம்னு எழுதுங்க. பூஜ்யமும் விடைதான்!"

விடை தெரியாத ஆசிரியரைக் கண்டறியாத அவை, அலையடங்கிய கடலெனத் திகைத்தது. இரண்டாம் சுற்றில் மூன்று என்றது ஒரு தாள். பன்னிரண்டு என்றது மற்றொன்று. முதல் ரேங்க்காரியே, கழுமரம் ஏறுபவள் போல், இரண்டு என்று எழுதினாள். ஒருவனுக்கு மெய்யாகவே ஏழு வந்துவிட, அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஏழென்னும் அரக்கன் வீழ்ந்தான்!

மணியடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. கணக்கெடுப்புக்கு அனுப்பும் படிவத்தில் நாற்பத்தொன்றாம் கட்டம் ஆசிரியைக்கு உரியது. வாகைசூடிய வீராங்கனை தன் கைபேசியை நிமிர்த்தினாள். அமாவாசை வானெனக் கிடந்த திரையில் மருந்துக்கும் ஒரு புள்ளியில்லை. ஊழிக்காலம் ஒத்த மூன்று நொடிகள் கழிந்தன. மலையனைய மாண்பினாள், முதல் ரேங்க்காரியின் தாளை ஓரக்கண்ணால் நோக்கி, பென்சிலால் மெல்ல இரண்டு என்று பொறித்தாள்.

"மிஸ்," என்றாள் முதல் ரேங்க்காரி, மற்றவர் காதில் விழாதபடி. "பூஜ்யமும் விடைதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

மிஸ் அவளிடம் ரப்பர் கேட்டாள்.