கெடேரிக்கு ஆறணா, பசுவுக்கு எட்டணா

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பவுண்டுக்குப் போயி, காசக் கட்டி, மாட்ட ஓட்டிக்கிட்டு வரணும்.

அம்புட்டுத்தான். போக கால் மணி, வர கால் மணி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பவுண்டுன்னா தெரியாது. அடுத்தவன் பயிர்ல மேயிற மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயி அடைக்கிற எடம். மாட்டுக்கு ஜெயிலுன்னு வச்சுக்கங்க. மாட்டுக்காரன் வந்து கட்டணம் கட்டுனாத்தான் வெளிய விடுவாங்க. நயா பைசா வர்றதுக்கு முந்தி, அணாக் கணக்கு ஓடிக்கிட்டிருந்த காலம் அது. எங்க ஊரு திண்டுக்கல்லுக்கு மேக்க. நான் அங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. ஆமா, கணக்கு வாத்தியாரு!

மாடு என்னுதில்ல. என் வீட்டுக்காரி செசிலியோடது. கோழி வளத்து, முட்டை வித்து, நாலு வருசம் சேத்த காசுல வாங்குனா. பேரு ராணி. தலையீத்து, நெறமாசம்.

அன்னிக்கு செசிலியோட அண்ணன் மகனுக்கு ஞானஸ்நானம். காலையில மொத பஸ்ஸுல சேவுகம்பட்டிக்குக் கெளம்புனா. பஸ் படியில ஏறுறப்பவும் சொல்லிக்கிட்டேதான் ஏறுனா.

"ஏங்க, இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. மாட்ட அவுத்து விட்றாதீங்க. பக்கத்துலயே இருங்க. அஞ்சு மணி பஸ்ஸுக்கு வந்துருவேன். அதுக்குள்ள வலி கண்டுச்சுன்னா ஆள் விட்டுச் சொல்லுங்க, ஓடியாந்துர்றேன். மொதப் பேறு. நான் கூட இருக்கணும்."

"ஒரு மாட்டப் பாத்துக்கத் தெரியாதாக்கும் எனக்கு?"ன்னேன்.

தெரியல.

தண்ணி காட்ட அவுத்தேன். குடிச்சு முடிச்சுச்சு. திருப்பிக் கட்டுறதுக்கு முன்னாடி பேப்பர்ல செத்த நேரம் கண்ண ஓட்டுவோம்னு உக்காந்தேன். ஒரு பக்கம் முடிச்சு நிமுந்தா மாட்டக் காணோம்!

பக்கத்து வீட்டு ஆரோக்கியம் மூச்சு வாங்க ஓடியாந்தாரு.

"வாத்தியாரே! ராணிய மாயாண்டி பவுண்டுக்கு ஓட்டிட்டுப் போறான்! அவன் செவ்வந்தித் தோட்டத்துல பூந்து ஒரு பாத்திய மொட்டை அடிச்சுருச்சாம்!"

"நம்ம மாடுன்னு தெரியாதா அவனுக்கு?"

"தெரிஞ்சுதான் ஓட்டுறான். அவன் மகனக் கணக்குல பெயிலாக்குனீங்களாம்ல?"

ஆக்குனேன். அதுல எனக்கு வருத்தம் இல்ல. பையன் வாங்குனது மூணு மார்க்கு.

சட்டைய மாட்டிக்கிட்டு, ஒத்த ரூவாய பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். அஞ்சு மணிக்குள்ள ராணியக் கொண்டாந்து கட்டிட்டா, செசிலிக்கு ஒண்ணுமே தெரியப்போறதில்ல.

பவுண்டுன்னா பெரிசா ஒண்ணுமில்ல. நாலு செவுரு, ஒரு கேட்டு, ஒரு வேப்ப மரம். மரத்தடியில ராணி நின்னுக்கிட்டு இருந்துச்சு. என்னப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு.

பவுண்டுக்காரரு கருப்பணன். என்னவிட பத்து வயசு மூத்தவரு. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு கெடையாது, நூலு. அவருக்குப் பின்னாடி செவுத்துல கட்டண போர்டு தொங்குச்சு. நான் எதையும் மேலருந்து கீழ வரைக்கும் படிக்கிற ஆளு. மொத வரியே யானை! யானை ஒண்ணுக்கு ரெண்டு ரூவா.

"ஏண்ணே, இங்க யானைய அடைச்சிருக்கீங்களா?"

"இன்னும் வரல வாத்தியாரையா. வந்தா ரேட்டு தயாரா இருக்கு. எட்டணா குடுங்க, மாட்ட ஓட்டிட்டுப் போங்க."

குடுத்திருக்கலாம். பையில கைய விட்டுட்டேன். ஆனா கண்ணு போர்டுல இறங்கிக்கிட்டே வந்துச்சு. பசு, எட்டணா. அதுக்குக் கீழ கெடேரி, ஆறணா. கன்னு, நாலணா.

கைய வெளிய எடுத்தேன்.

"அண்ணே, இது பசு இல்ல. இன்னும் கன்னு போடல. கன்னு போடாத வரைக்கும் கெடேரி. ஆறணாதான்."

கருப்பணன் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு ராணியப் பாத்தாரு.

"வயித்தப் பாருங்க, இம்புட்டுப் பெரிசா இருக்கு. இத எப்புடிக் கெடேரின்னு எழுதுறது?"

"வயித்த வச்சு ரேட்டுப் போடுறதுன்னா எனக்கு என்ன போடுவீங்க?"

அவரு என் வயித்தப் பாத்தாரு. பதில் சொல்லல. மரியாதை தெரிஞ்ச மனுசன்.

"மேல கேக்காம நான் கொறைக்க முடியாது. பஞ்சாயத்து ஆபீசுல கிளார்க்கு எழுதிக் குடுத்தா ஆறணா வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மாடு நெலை கொள்ளாம நிக்கிது, வால வாலத் தூக்குது. எட்டணாவக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போயிருங்க."

"ரெண்டணா பெரிசில்லண்ணே. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல!"

பொய்யி. ரெண்டணா எனக்குப் பெரிசுதான். நியாயம் சும்மா தொணைக்கு வந்துச்சு.

பஞ்சாயத்து ஆபீசு ஊருக்கு அந்தக் கடைசி. கிளார்க்கு வெத்தலையப் போட்டுக்கிட்டு, நான் சொன்னதெல்லாம் பொறுமையாக் கேட்டாரு.

"நீங்க சொல்றது நியாயந்தான் சார். மனுவா எழுதிக் குடுங்க."

"வாயால சொன்னாப் பத்தாதா?"

"வாயில ஸ்டாம்பு ஒட்ட முடியாதுல்ல?"

"ஸ்டாம்பா?"

"மனுன்னா ரெண்டணா கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு ஒட்டணும் சார்."

நான் கணக்கு வாத்தியாரு. ரெண்டணா மிச்சம் பிடிக்க ரெண்டணாச் செலவு. கழிச்சா சைபர். ஒண்ணாங்கிளாஸ் பையன் சொல்லிருவான். அந்த எடத்துல நான் எந்திரிச்சு ஓடியாந்திருக்கணும்.

ஒட்டுனேனே! ஸ்டாம்பு விக்கிறவரு சாப்பிடப் போயிருந்தாரு. அவரு வர வரைக்கும் ஒரு மணி நேரம் புளிய மரத்தடியில உக்காந்திருந்து, வாங்கி ஒட்டுனேன். சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல மனுவ மூணு பக்கத்துக்கு எழுதிட்டேன். கெடேரின்னா என்ன, பசுன்னா என்ன, ஊர் வழக்கு என்ன, சந்தையில யாவாரி என்ன சொல்றான், ஒண்ணு விடல.

கிளார்க்கு முழுசாப் படிச்சாரு.

"பிரமாதம் சார். ரெண்டாம் பக்கத்துல எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

படிச்சுட்டு ஓரத்துல ஒரே வரி எழுதுனாரு. 'கன்று ஈனும் வரை கெடேரியே. ஆறணா வசூலிக்கவும்.' கையெழுத்து, சீலு.

நான் ரோட்டுல நடக்கல, பறந்தேன். ஜெயிச்சுட்டோம்ல! பவுண்டுக்கிட்ட வந்தா கேட்டுல நாலஞ்சு பேரு எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அவங்கள வெலக்கிக்கிட்டு நொழைஞ்சேன்.

உள்ள கருப்பணன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் ஈரத்தோட நின்னாரு.

"வாங்க வாத்தியாரையா! நல்ல சேதிதான்!"

ராணி எதையோ நக்கிக்கிட்டு இருந்துச்சு. செவல நெறம். நெத்தியில வெள்ளை. காலு நாலும் நாலு தெசைக்குப் போகுது. எந்திரிக்கிறதும் விழுகிறதுமா இருந்துச்சு.

எனக்குச் சந்தோசம் தாங்கல. நெசமாச் சொல்றேன், மனு, ஸ்டாம்பு, நியாயம் எல்லாம் மறந்து போச்சு. அடுத்த நிமிசம் செசிலி ஞாபகம் வந்துச்சு. அஞ்சு மணி பஸ்ஸும் கூடவே ஞாபகம் வந்துச்சு.

"தல மடங்கிக் கெடந்துச்சு"ன்னாரு கருப்பணன். "நானும் எதுத்தாப்புல டீக்கடைக்காரரும் கைய விட்டுச் சரிபண்ணி எடுத்தோம். கொஞ்சம் தப்பியிருந்தா தாயும் இல்ல, கன்னும் இல்ல. இளங்கொடியும் விழுந்துருச்சு. வழக்கப்படி வைக்கோல்ல சுத்தி ரோட்டோர ஆலமரத்துல கட்டியாச்சு."

"உங்களுக்கு எதாச்சும் குடுக்கணுமேண்ணே."

"அட போங்க. போர்டுல யானைக்குப் போட்ருக்காக, பேறுகாலத்துக்குப் போடல."

வெக்கமாப் போச்சு எனக்கு. ஆனாலும் கையில சீட்டு இருக்கே! மெதுவா நீட்டுனேன். படிச்சுட்டு மண்டைய ஆட்டுனாரு.

"சரிதான். உள்ள வந்தப்ப கெடேரி. ஆறணா. நீங்க சொன்னதுதான் ஞாயம்."

நெஞ்சு நிமுந்துச்சு.

"கன்னுக்கு நாலணா. மொத்தம் பத்தணா."

"எது?! கன்னு எந்தப் பயிர மேஞ்சுச்சு? அது உள்ளயே வரலையே! உள்ளதானே பொறந்துச்சு!"

"அதாங்க பிரச்சினை. உள்ள வந்தது ஒரு உருப்படி. வெளிய ரெண்டு போனா, தணிக்கைக்கு வாரவரு கேப்பாருல்ல, இன்னொண்ணு எங்கருந்து வந்துச்சுன்னு?"

"வயித்துலருந்து வந்துச்சுன்னு சொல்லுங்க!"

"அதுக்கு ரிஜிஸ்தர்ல கட்டம் இல்லையே."

"அப்ப என்னதான் பண்றது?"

"மொதல்ல கன்ன அடைக்கணும். அடைச்சாத்தான் விட முடியும். அடைச்சவர் பேரு ஒண்ணு வேணும். நான் போடக்கூடாது. பவுண்டுக்காரன் தானே அடைச்சுத் தானே காசு வாங்குறான்னு பேராயிரும்."

டீக்கடைக்காரரப் பாத்தேன்.

"நமக்கு எதுக்குங்க வம்பு?"ன்னு கடையப் பாக்கப் போயிட்டாரு.

"பேரே எழுதலேன்னா?"

"கேப்பாரில்லாத உருப்படி ஆயிரும். ஏழு நாளு பாப்போம். அப்பறம் ஏலம்."

ஏலமா! செசிலி கன்னயா! குடுங்கண்ணே பேனாவன்னு பிடுங்குனேன்.

அடைச்சவர்: நானு. மேஞ்ச எடம்: இல்லை. சேதம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அப்பத்தான் கன்னத் தூக்கிப் பாத்திருந்தேன், அது என் சட்டையெல்லாம் நனைச்சு வச்சிருந்துச்சு. கருப்பணன் என் சட்டையப் பாத்தாரு.

"எழுதவா?"

"வேணாம்ணே."

சொந்தக்காரர்: செசிலி. காசு கட்டி மீட்டவர்: மறுபடியும் நானு. நானே பிடிச்சு, நானே அடைச்சு, நானே கட்டணத்தக் கட்டி, நானே வெளிய எடுத்தேன். அந்தக் கன்னு பொறந்து ரெண்டு மணி நேரங்கூட ஆகல, அதுக்குள்ள அது மேல ஒரு கேசு!

ஒரு ரூவான்னா பதினாறணா. அதுல ஸ்டாம்பு ரெண்டணா, பவுண்டுக்குப் பத்தணா. மிச்சம் நாலணா. வண்டிக்காரரு எட்டணா கேட்டாரு.

"நாலணாவுக்கு வர மாட்டீங்களா?"

"பாதி தூரத்துக்கு வாரேன் சார்."

கன்னத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டேன். கனம்னா கனம், அம்புட்டுக் கனம்! ராணி பின்னாடியே வந்துச்சு. கன்ன நான் திருடிக்கிட்டுப் போறேன்னு நெனைச்சுக்கிருச்சு போல. நாலு எட்டுக்கு ஒரு முட்டு. நடுநடுவுல கன்ன நக்குறேன்னு என் காதையும் சேத்து நக்குச்சு. எதுக்க மாயாண்டி மகன் வந்தான்.

"வணக்கம் சார்"னான். சிரிக்கல. அடுத்த தெரு திரும்புனதும் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

வீட்டுக்கு இன்னும் நூறு அடிதான். பின்னாடி ஹாரன் சத்தம். அஞ்சு மணி பஸ்ஸு. என்னிக்கும் அரை மணி தாமதமா வார பஸ்ஸு, அன்னிக்குப் பத்து நிமிசம் முன்னாடி வந்துருச்சு! எனக்கு நேரா நின்னுச்சு. செசிலி எறங்குனா.

என்னப் பாத்தா. கன்னப் பாத்தா. ராணியப் பாத்தா.

"மாடு கன்னு போட்ருச்சு"ன்னேன்.

"தெரியுது. ரோட்டுலயா?"

"இல்ல... பவுண்டுல."

மறைக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. பேப்பர், செவ்வந்தி, மாயாண்டி, எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவ என்னத் திட்டல. கன்ன என் தோள்லருந்து வாங்கி எறக்கி, வாலத் தூக்கிப் பாத்தா.

"பொட்டைக் கன்னு"ன்னா. மூஞ்சி மலந்துச்சு. அது ஒரு நிமிசந்தான். ராணி கழுத்தக் கட்டிக்கிட்டு, "ரொம்ப வலிச்சுச்சாத்தா?"ன்னு கேட்டா. கண்ணுல தண்ணி. எனக்கு அங்கயே பூமிக்குள்ள போயிறலாம் போல இருந்துச்சு.

"வலி எடுத்தப்ப யாரு கூட இருந்தா?"

"கருப்பணண்ணன்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீசுல. ரெண்டணாக் கொறைச்சு வாங்கிட்டேன்."

இத நான் கொஞ்சம் பெருமையாவே சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன்.

அவ ராணிய ஓட்டிக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்கு நடந்தா. மறுநாள் விடியக்காலையில வீடெல்லாம் சீம்பால் வாசம். வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சியிருந்தா. நான் மொத ஆளா டம்ளர எடுத்துக்கிட்டு அடுப்படியில போயி உக்காந்துட்டேன். தூக்குச் சட்டி நெறைய ஊத்தி, மூடி, என் கையில குடுத்தா.

"கருப்பணண்ணனுக்கு. சூடு ஆறுறதுக்குள்ள குடுத்துட்டு வாங்க."

காய்ச்சுன பாத்திரத்த எட்டிப் பாத்தேன். அடியில ஒரு சொட்டு இல்ல.

"எனக்கு?"

"நீங்கதான் ரெண்டணா மிச்சம் பிடிச்சிருக்கீங்களே. கடையில வாங்கிக் குடிங்க."