‘செட்’டுக்கு நாற்பது நாள் ஒறுத்தல்

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ‘செட்’ என்ற சொல்லைப் பற்றி வாயே திறப்பதில்லை. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அது மனைவிக்கு வைத்த பொறி.

விவரமாகச் சொல்கிறேன். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் இங்கிலீஷில் கையேடு எழுதியவன் இந்த ஆரோக்கியதாஸ். ‘பம்ப்செட்’ என்று லட்சம் தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், இந்த ‘செட்’ எங்கிருந்து வந்தது என்று அகராதியைப் புரட்டினேன். அன்றைக்கு மாட்டியவன்தான். பக்கம் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்தாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட். ஓட்டலில் இரண்டு தோசை சேர்ந்து வந்தாலும் செட். வேடிக்கை என்னவென்றால், அது ஒரே சொல்லே இல்லை. உட்கார வைப்பது என்ற பொருளில் பழைய இங்கிலீஷ் சொல் ஒன்று. கூட்டம் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்தது இன்னொன்று. என்னையும் என் மனைவியையும் போல இரண்டும் ஒரே கதவு எண்ணில் தனித்தனியாகக் குடியிருக்கின்றன.

இதையெல்லாம் எழுதி எழுதி ஒரு பெரிய நோட்டு நிறைந்துவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை. மகன் வின்ஸ்டன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். “மாத்திரை சாப்ட்டீங்களாப்பா?” என்பதோடு சரி. மனைவி அருள்செல்வியோ, நான் ‘செ’ என்று ஆரம்பித்தாலே மிக்சியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் போடுவாள்.

நான் வாயை மூடினால் வீடு வெறிச்சோடிப் போகும். மூன்றே நாளில், “ஏனுங்க, ஏதாச்சும் சொல்லுங்க” என்று அவளே கெஞ்சுவாள். இதுதான் என் திட்டம்.

“அம்மணி, இந்தத் தவக்காலத்துக்கு ஒரு ஒறுத்தல் எடுத்திருக்கேன்.”

“கறி வேண்டாங்கறீங்களா?”

“கறிய ஊரே உடுது. நான் ‘செட்’ பேச்சையே உட்டுப்போட்டேன். நாப்பது நாளைக்கு.”

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. துக்கம் என்று நினைத்தேன்.

“நெசமாவாங்க?”

“இந்தா, நோட்டையும் நீயே வெச்சுக்க!”

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீடாகக் கூடி ஜெபிப்பது வழக்கம். மன்றாட்டு நேரத்தில் அருள்செல்வி எழுந்து நின்றாள்.

“எங்க ஊட்டுக்காரரு ‘செட்’ பேச்ச ஒறுத்திருக்காருங்க. அது ஈஸ்டர் வரைக்கும் முறியாம இருக்கோணும்னு ஆண்டவரை மன்றாடுவோம்.”

இருபது பேரும் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். பக்கத்து வீட்டு பிரான்சிஸ் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. இனி முறித்தால் அது என் வாக்கு மட்டுமில்லை, தெருவின் ஜெபம்.

மூன்று நாள் போனது. அவள் கெஞ்சவில்லை. பாட்டு முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சட்டம் பேசிப் பார்த்தேன்.

“அருளு, தவக்காலத்துல ஞாயித்துக்கெழம கணக்குல வராதாமே?”

“இந்த வருசம் சேத்திக்கலாமுங்க. புண்ணியந்தான?”

இரண்டாம் வாரம் பிரான்சிஸ் வீட்டில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். “சிமென்ட் செட் ஆகட்டுமுங்க” என்றார் கொத்தனார். என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பிரான்சிஸ் ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“முறிச்சுப்போடாதீங்க சார்! நாங்க அத்தன பேரும் வேண்டிட்டிருக்கமுங்க.”

நான் எதிர்பார்த்தபடியே வீடு வெறிச்சோடித்தான் போனது. எனக்கு மட்டும். மத்தியானம் சமையல் முடிந்ததும் அருள்செல்வி வின்ஸ்டனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜெபம் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன். நான் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பேன். ஒருநாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசியதை எண்ணிப் பார்த்தேன். “காபி”, “சரி”, “பால்காரர் வந்துட்டாரு”. மூன்றே மூன்று. அப்போதுதான் உறைத்தது. எனக்கு அந்தச் சொல்லின் மேல் அப்படியொன்றும் பைத்தியமில்லை. நான் வாய் திறந்தால் ஒருவர் முகம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அந்த மிக்சி சத்தம்கூட எனக்குச் சொன்ன பதில்தான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. துண்டால் துடைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக ஈஸ்டர் வந்தது. பூசை முடிந்து வந்து, பிரியாணி இலையில் விழுந்ததும் விழாததுமாக ஆரம்பித்தேன்.

“அருளு! இந்த ‘செட்’டுக்கு...”

“வேரு ரெண்டுங்க. ஒண்ணு உக்கார வெக்கறது, இன்னொண்ணு கூட்டம். பிரெஞ்சுல இருந்து வந்தது.”

என் கையில் சோறு அப்படியே நின்றது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நோட்ட முழுசாப் படிச்சுப்போட்டனுங்க. ஊடு அமைதியா இருந்துச்சு. வின்ஸ்டன் ரூம்ல உக்காந்து தெனம் நாலு பக்கம். நாப்பத்தி ரெண்டாம் பக்கத்துல, தயிர் ஒறயறதும் ‘செட்’டுதான, அத உட்டுப்போட்டீங்க. நானே எழுதி வெச்சிருக்கேன்.”

“புடிச்சுதா?”

“உசுருங்க! கடைசிப் பக்கம் வந்ததும் ஐயோ முடிஞ்சுபோச்சேன்னு இருந்துச்சு. இவ்வளவு அழகா எழுதற மனுசனான்னு நெனச்சேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது நாள் பட்ட பாடெல்லாம் பறந்துபோனது. எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டாள்.

“அடுத்து ‘ரன்’ங்கற வார்த்தை அருளு. அர்த்தக் கணக்குல அது ‘செட்’டுக்கே அப்பன். இப்பவே சொல்றேன் கேளு...”

பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள்.

“சொல்லிப்போடாதீங்க! பேசாம நோட்டுல எழுதுங்க. இப்பவே தெரிஞ்சுபோச்சுன்னா அப்பறம் படிக்கறதுக்கு என்னங்க சுவாரசியம் இருக்கும்?”