வாசலுக்கு அடங்காத கட்டில்

"அத்தா, ஃபேன் மூக்கை உரசுது!"

புதுக் கட்டிலின் மேல்தட்டில் மல்லாந்து படுத்திருந்த மன்சூர், தலையைத் தூக்காமலே கத்தினான்.

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுறா," என்றார் கீழே நின்ற சேக் பரீது.

"ஒருக்களிச்சா காது போயிரும்த்தா."

பேகம்பூரில் அவர்கள் குடியிருந்த பச்சைக் கதவு வாடகை வீட்டுக்கு ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அதற்குள் சேக் பரீது, மனைவி கமர்ஜஹான், மகன் மன்சூர், மருமகள் ரஃபியா, மன்சூரின் இரட்டைப் பிள்ளைகள். நத்தத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் நுஸைபா, மூத்த பிள்ளையோடு இரண்டாவது பிரசவத்துக்கு வர வேண்டும்.

சேக் பரீது தோல் சேமித்து வைக்கும் கிட்டங்கியில் மேஸ்திரி. ஆட்டுத்தோலை ஒரு சாண் இடம் வீணாகாமல் அடுக்கத் தெரிந்தவர். பக்கவாட்டில் இடமில்லை என்றால் மேலே அடுக்கு என்பது கிட்டங்கிக் கணக்கு. அதை வீட்டுக்கும் போட்டார். இரண்டடுக்கு இரும்புக் கட்டில் ஒன்றை வாங்கிவந்தார். அது வாசலில் நுழையவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, வெல்டர் ஆல்வினை வரவழைத்து, அறைக்குள்ளேயே வைத்து ஒன்று செய்ய வைத்தார்.

இப்போது மின்விசிறி இடித்தது. அதைக் கழற்றினார்கள். காற்றில்லாத அறையில் படுக்க முடியாமல் எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். கூடத்தில் இடம் வேண்டி பீரோ சமையற்கட்டுக்குப் போனது. பீரோ வந்ததும் அடுப்பு பின்பக்கத் தகரத்தடிக்குப் போனது. அன்று சாயங்காலமே மழை வந்தது.

"இன்னொரு கட்டில் வாங்குனீங்கன்னா வெளிய போறதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி," என்றாள் கமர்ஜஹான், நனைந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு.

கட்டிலால் சந்தோஷப்பட்டது இரட்டைகள் மட்டும்தான். மேல்தட்டு அவர்களுக்கு வத்தலக்குண்டு பஸ். கீழ்த்தட்டில் இருப்பவன் கண்டக்டர். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் இரண்டும் அதில் ஏறி ஊர் போய்விடும்.

அந்த வாரம் நுஸைபா போன் செய்தாள்.

"அத்தா, நான் இங்கயே பெத்துக்கிறேனே. மாமி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அங்க இடத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் பக்குவமாகச் சொன்னாள். அதுதான் அவருக்கு ராத்திரிச் சோற்றை இறங்க விடவில்லை.

"பெத்த வீட்டுல உனக்கு இடமில்லன்னு எவன் சொன்னான்? அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை நானே வந்து கூட்டிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே வீடு தேடக் கிளம்பினார்.

நாகல் நகரில் இரண்டு அறை வீடு ஒன்று அமைந்தது. அதில் குடியிருந்த ஆண்டனிராஜ் முதல் தேதி காலி செய்வதாகச் சொன்னார். சேக் பரீதும் தன் வீட்டுக்காரர் ஹாமிதிடம், அதே முதல் தேதிக்குக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். ஹாமித் தாமதிக்காமல் அடுத்த ஆளைப் பிடித்துவிட்டார்.

"பகல்ல ரெண்டு மூணு பேரு வந்து வீட்டைப் பாத்துட்டுப் போனாங்க," என்றாள் கமர்ஜஹான். "அதுல ஒரு அம்மா, இந்தக் கட்டில்ல ஏறிப் பாக்கவான்னு கேட்டுச்சு."

"ஏறுச்சா?"

"பயலுக டிக்கெட் கேட்டானுக. சிரிச்சுட்டுப் போயிருச்சு."

முதல் தேதி வந்தது. ஆண்டனிராஜ் காலி செய்யவில்லை. ஆகவே சேக் பரீதும் காலி செய்யவில்லை. ஹாமித் தினமும் தொழுகை முடிந்து நேராக வாசலில் வந்து நின்றார்.

"என்ன பரீது பாய், எப்போ?"

"பேரனுக்குச் சளி, ஹாமித் பாய். ரெண்டு நாளு."

இரட்டையில் ஒருவனுக்குச் சளி தீர்ந்து மற்றவனுக்கு வந்து, அதுவும் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அடுத்ததைச் சொன்னார்.

"கட்டில் வாசல்ல வெளிய வர மாட்டேங்குது, பாய்."

"உள்ள போன கட்டில் வெளிய வராதா?"

"உள்ள போகல பாய். உள்ளயே பொறந்துச்சு."

ஹாமித் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. விடிந்தால் நத்தம் போக வேண்டும். சேக் பரீது வண்டியை எடுத்துக்கொண்டு ஆண்டனிராஜ் வீட்டுக்குப் போனார்.

"பாய், எம்மேல கோவப்படாதீங்க," என்று ஆண்டனிராஜ் முந்திக்கொண்டார். "தம்பி குடும்பமும் எங்ககூட வந்துருச்சு. எட்டிப் பாருங்க, உக்கார இடமில்ல. தாடிக்கொம்பு ரோட்டுல பெரிய வீடு பேசி வச்சிருக்கேன். அவங்க கிளம்பாம நான் எங்க போவேன்?"

"அங்க எத்தன பேரு?"

"வீட்டுக்காரங்களே ரெண்டு பேருதான். நாலு ரூமு."

"ரெண்டே பேரா!"

கோபத்துக்குச் சரியான இடம் கிடைத்துவிட்டது. தாடிக்கொம்பு ரோடு வழிநெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார்.

அந்த நாலு அறை வீட்டில் குடியிருந்த சுந்தரம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே சாய்வு நாற்காலியில் அவள் கணவர் நாச்சிமுத்து, பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஏம்மா, ரெண்டு பேருக்கு நாலு ரூமு. அங்க ஆறு பேரு ஒரு ரூமுல கிடக்கோம். நாளைக்கு எம்மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரணும். நீங்க கிளம்பாததால ஆண்டனி கிளம்பல, அவரு கிளம்பாததால நான் கிளம்பல. இது நியாயமா?"

பாதிப் பேச்சிலேயே அவருக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் சொன்னதையெல்லாம் அந்த வீடு திருப்பிச் சொன்னது. அவ்வளவு வெறுமை.

"உக்காருங்க பாய். மொதல்ல மோரு குடிங்க," என்று சுந்தரம்மாள் டம்ளரை நீட்டினாள். "எங்களுக்கு மட்டும் இங்க கிடக்க ஆசையா? பிள்ளைக ஊருக்கு ஒண்ணாப் போயிருச்சுக. லீவுக்குப் பேரப்பிள்ளைக வந்தாலும் ஆளுக்கொரு ரூமுல போய்க் கதவச் சாத்திக்குதுக. சாப்பிட வாங்கன்னு சொல்லவும் போன்தான் போடணும். அதான் டவுனுக்குள்ள ஒரு ரூம் வீடாப் புடிச்சோம். தப்பிச்சுப் போக இடமிருக்காதுல்ல?"

சேக் பரீது மூடிக் கிடந்த நான்கு கதவுகளையும் பார்த்தார். தன் வீட்டில் சாத்துவதற்கென்று ஒரு கதவு இருந்தால் போதும் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறார்!

"அப்பறம் ஏம்மா கிளம்பல?"

"அங்க இருக்குற ஆளு காலி பண்ணாத்தான பாய்? மூட்டை கட்டி வச்சு எம்புட்டு நாளாச்சு."

சேக் பரீதுக்கு உடனே அவள் பக்கம் சேர்ந்துவிட வேண்டும் போலிருந்தது.

"எவன்மா அவன்? வயசானவங்கள இப்படி அலைக்கழிக்கிறான்! வீட்ட மட்டும் சொல்லுங்க, நான் போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"நல்லாக் கேளுங்க பாய். மொதல்ல பிள்ளைக்குச் சளின்னானாம். இப்ப, கட்டில் வாசல்ல வெளிய வரலங்கிறானாம். நீங்களே சொல்லுங்க, உள்ள போன கட்டில் வெளிய வராதா?"

டம்ளர் பாதி வழியில் நின்றது.

"உள்ள போகலம்மா," என்றார் சேக் பரீது, தரையைப் பார்த்து. "உள்ளயே பொறந்துச்சு."

சுந்தரம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நாலு அறைக் கதவிலும் பட்டுத் திரும்பி வந்தது.

"அட, பச்சைக் கதவு வீட்டு பாயா நீங்க!"

"மன்னிச்சுருங்கம்மா. நான் போனாத்தான் நீங்க வரலாம். ஆண்டனி போனாத்தான் நான் போகலாம். நீங்க போனாத்தான் ஆண்டனி வரலாம். இதுல யாராவது ஒருத்தர் சாமானோட தெருவுல நின்னாத்தான் தீரும்."

"தெருவுல எதுக்கு? பின்னால ரெண்டு ரூமு சும்மாத்தான கிடக்கு. நாளைக்கு சாமானோட எல்லாரும், மகளையும் கூட்டிட்டு நேரா இங்க வாங்க. நாங்க உங்க வீட்டுக்குப் போறோம், ஆண்டனி இங்க வரட்டும், அப்பறம் நீங்க அங்க போங்க. பிள்ளத்தாச்சி, ரெண்டு பொழுது கால நீட்டிப் படுத்துட்டுப் போகட்டும்."

சேக் பரீது டம்ளரைக் கீழே வைத்தார். மகளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நன்றி சொல்ல வாய் வரவில்லை. வந்தது கட்டில்தான்.

"விடிஞ்சதும் ஆல்வினைக் கூட்டியாந்து அந்தக் கட்டில அறுத்து எடுத்துர்றேன்மா. உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் இருக்காது."

அதுவரை வாயே திறக்காத நாச்சிமுத்து, நாற்காலியிலிருந்து பதறி எழுந்தார்.

"அறுக்கவா போறீக? அந்த வீட்டுக்கு நாங்க சரின்னதே, பேரப்பிள்ளைக ஒண்ணா ஏறி விளையாட அந்தக் கட்டிலும் வீட்டோட சேந்ததுன்னு நெனச்சுத்தான பாய்!"